மரபணுத் திருத்தமும் மருத்துவ ஆய்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சில ஆண்டுகளாக ஒரு மருத்துவக் கல்லூரியில், ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவில் பொதுமக்கள் தரப்பு உறுப்பினராக இருக்கிறேன். ஆய்வில் சேரும் நோயாளியிடம் கொடுக்கப்படும் தமிழ்த் தகவல் தாளையும் ஒப்புதல் படிவத்தையும் படித்து, அவை எளியவருக்குப் புரியுமா என்று சொல்வதுதான் அங்கே என் முதன்மையான பணி. இந்த வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள், அதிலும் குறிப்பாக மரபணு நோயுள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள், திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை அவர்கள் கேட்ட வாக்கிலேயே தொகுத்திருக்கிறேன். இது மருத்துவ ஆலோசனை அன்று. சிகிச்சை பற்றிய முடிவுகளை உங்கள் மருத்துவரிடம் பேசியே எடுக்க வேண்டும்.

தமிழம்மா, ஜீன் எடிட்டிங் என்கிறார்களே, உடம்புக்குள் கத்தரிக்கோல் விடுகிறார்களா என்ன?

ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் அந்தக் கத்தரிக்கோல் ஒரு புரதம். மனிதனின் மரபுத் தொகுதி, அதாவது செல்லிலுள்ள டிஎன்ஏவில் வேதி எழுத்துகளால் எழுதப்பட்ட பரம்பரைக் குறிப்பு முழுவதும், சுமார் 300 கோடி எழுத்து நீளமுள்ளது. கிரிஸ்பர் என்னும் முறையில், வெட்ட வேண்டிய இடத்தை அடையாளம் காட்டும் சிறிய ஆர்என்ஏ இழையையும், அந்த இடத்தில் டிஎன்ஏவை வெட்டும் காஸ்9 என்ற புரதத்தையும் சேர்த்துச் செல்லுக்குள் அனுப்புகிறார்கள். பாக்டீரியாக்கள் தம்மைத் தாக்கும் வைரஸை வெட்டி ஒழிக்க வைத்திருக்கும் ஏற்பாடு இது. இதையே விரும்பிய இடத்தில் வெட்டும் கருவியாக்கலாம் என்று எம்மானுவேல் ஷார்பான்டியே, ஜெனிபர் டவுட்னா ஆகியோர் 2012இல் காட்டினார்கள். 2020இல் இருவருக்கும் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

கருவி வெட்டுவதோடு நின்றுவிடுகிறது. வெட்டிய இடத்தை ஒட்டுவது செல்லின் வேலை. ஒட்டும்போது சில எழுத்துகள் விடுபடலாம், சில கூடுதலாக நுழையலாம். இரண்டு இழைகளையும் வெட்டாமல் ஒரே ஓர் எழுத்தை மட்டும் மாற்றும் முறைகளும் பின்னர் வந்துவிட்டன. எந்த முறையானாலும், வேறோர் இடத்தில் அதே போன்ற எழுத்துத் தொடர் இருந்தால் அங்கேயும் கைவைத்துவிடும் வாய்ப்பு அடியோடு நீங்கிவிடவில்லை.

இதை மனிதர்களுக்கு ஏற்கெனவே செய்கிறார்களா, இல்லை இன்னும் எலிகளோடு சரியா?

செய்கிறார்கள். அரிவாள் செல் சோகை என்ற நோயில், ஹீமோகுளோபினுக்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதால் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்து இரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்கின்றன. தாங்க முடியாத வலி வருகிறது. இதற்கான 'காஸ்ஜெவி' என்ற கிரிஸ்பர் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. அமெரிக்க ஒப்புதலுக்கு அடிப்படையான ஆய்வில், போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்குக் குறைந்தது ஓராண்டு கடுமையான வலித் தாக்குதல் வரவில்லை.

கேட்பதற்கு ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்புவது போல் இருக்கும். உண்மை அவ்வளவு எளிதன்று. நோயாளியின் குருதிக் குருத்தணுக்களை, அதாவது இரத்தத்தை உண்டாக்கும் மூல அணுக்களை, வெளியே எடுத்துத் திருத்தி, கடுமையான கீமோதெரபி கொடுத்து எலும்பு மஜ்ஜையைக் காலி செய்து, அதன் பிறகே திருத்திய அணுக்களைத் திரும்பச் செலுத்துகிறார்கள். மொத்தமும் முடியப் பல மாதங்கள் ஆகும். அந்தக் கீமோதெரபியால் பிள்ளைப்பேற்றுத் திறன் பாதிக்கப்படலாம். தகவல் தாளில் இந்த வரி எத்தனையாவது பக்கத்தில் வருகிறது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

அப்படித் திருத்திக்கொண்டவருக்குப் பிறக்கும் பிள்ளைக்கும் அந்த நோய் வராதுதானே?

வரலாம். மேலே சொன்ன சிகிச்சையில் மாறுவது இரத்தத்தை உண்டாக்கும் அணுக்கள் மட்டுமே. விந்தணுவும் கருமுட்டையும் பழைய மரபணுவோடேயே இருக்கின்றன. இதை உடல் அணுத் திருத்தம் என்பார்கள். விந்தணு, கருமுட்டை அல்லது தொடக்க நிலைக் கருவில் செய்வது வழிவழித் திருத்தம். பிறக்கும் குழந்தையின் எல்லா அணுக்களுக்கும், அதன் பிள்ளை பேரப் பிள்ளைகளுக்கும் அது போய்ச் சேரும். செய்தித்தாள்கள் இரண்டையும் ஒரே பெயரால் குறிப்பதால்தான் இவ்வளவு குழப்பம். இந்தப் பக்கத்தின் மீதிப் பகுதியைப் படிக்கும்போது இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

கருவிலேயே திருத்திவிட்டால் பரம்பரைக்கே நோய் விட்டுப்போகுமே, அதை ஏன் தடுக்கிறார்கள்?

இந்தியாவில் 2019இல் வெளியான மரபணுச் சிகிச்சைக்கான தேசிய வழிகாட்டு நெறிகள் வழிவழித் திருத்தத்தை அனுமதிப்பதில்லை. 2023இல் லண்டனில் கூடிய மூன்றாவது பன்னாட்டு மரபணுத் திருத்த மாநாட்டின் அமைப்பாளர்களும், இப்போதைய நிலையில் அது ஏற்கத்தக்கதன்று என்றே அறிவித்தார்கள்.

காரணங்களில் முதலாவது, பாதுகாப்பு. முதல் பதிலில் சொன்ன ஒட்டுவேலைப் பிழை ஒரு நோயாளியின் இரத்த அணுக்களில் நேர்ந்தால் அது அவரோடு முடியும்; கருவில் நேர்ந்தால் அவருடைய சந்ததிக்கும் போகலாம். மேலும் கரு பிளவுபடத் தொடங்கிய பின் திருத்தம் நிகழ்ந்தால், சில செல்கள் மாறியும் சில மாறாமலும் கலந்து நிற்கும். பரிசோதனைக்கு எடுத்த ஓரிரு செல்களைப் பார்த்து, மற்றவையும் அப்படித்தான் இருக்கும் என்று உறுதி கூற முடியாது.

இரண்டாவது காரணத்தைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன். எந்த ஆய்வுக்கும் முதல் நிபந்தனை, அதன் விளைவைச் சுமக்கப் போகிறவரிடம் எடுத்துச் சொல்லிக் கேட்பது. இங்கே சுமக்கப் போகிறவர் இன்னும் பிறக்கவே இல்லை. நான் எவ்வளவு தெளிவாகத் தகவல் தாள் எழுதிக் கொடுத்தாலும் அதைப் படிக்க ஆளில்லை.

பெற்றோர்தானே குழந்தைக்காக எல்லா முடிவும் எடுக்கிறார்கள்? தடுப்பூசிக்குக் குழந்தையையா கேட்கிறோம்?

நியாயமான மறுப்பு. பெற்றோரின் ஒப்புதலை நாமும் ஏற்கிறோம். 2025 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில், சிபிஎஸ்1 என்ற நொதி குறைந்து இரத்தத்தில் அம்மோனியா ஏறும் அரிய நோயோடு பிறந்த ஆறு மாதக் குழந்தைக்கு, அந்த ஒரு குழந்தையின் எழுத்துப் பிழைக்கென்றே செய்த திருத்த மருந்தைச் செலுத்தினார்கள். மருந்தை உருவாக்கி முடிக்க எடுத்தது ஏறத்தாழ ஆறு மாதம். உலகில் முதல் முறை. பெற்றோர்தான் ஒப்புதல் தந்தார்கள். நானும் அந்தக் குழுவில் இருந்திருந்தால் கைதூக்கியிருப்பேன்.

ஏனென்றால் அந்தக் குழந்தை பிறந்து, நோயோடு தொட்டிலில் கிடந்தது. ஒன்றும் செய்யாமலிருப்பதே பேராபத்தாக இருந்தது. கல்லீரல் மாற்றுக்கு உரிய வயது வரும்வரை மூளை தாங்குமா என்பது ஐயம். கருவைத் திருத்துவதில் அப்படி ஒரு நோயாளி இல்லை. நோயில்லாத குழந்தையைப் பெற விரும்பும் பெற்றோர் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பெரும்பாலும் வேறு வழிகளும் இருக்கின்றன.

சீனாவில் அப்படித் திருத்திய இரட்டைக் குழந்தைகள் பிறந்தது உண்மையா, வாட்ஸ்அப் கதையா?

உண்மை. ஷென்சென் நகரத்தின் தெற்கு அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹே ஜியான்குய் என்ற ஆய்வாளர் 2018 நவம்பரில் இதை அறிவித்தார். ஹாங்காங்கில் நடந்த இரண்டாவது பன்னாட்டு மாநாட்டின் மேடையில் நவம்பர் 28 அன்று விளக்கமும் அளித்தார். குழந்தைகளுக்கு லுலு, நானா என்று புனைபெயர் வைத்தார்கள். மூன்றாவதாக இன்னொரு குழந்தையும் பின்னர் பிறந்தது. 2019 டிசம்பரில் சட்டவிரோதமாக மருத்துவம் செய்த குற்றத்துக்காக அவருக்கு மூன்றாண்டுச் சிறையும் 30 லட்சம் யுவான் அபராதமும் விதிக்கப்பட்டன. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் ஆவணமே போலி என்பது விசாரணையில் தெரியவந்தது.

அவர் மாற்ற முயன்றது சிசிஆர்5 என்ற மரபணு. எச்ஐவி செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் வாசல் அது. ஐரோப்பியர் சிலருக்கு இயற்கையிலேயே இந்த மரபணுவில் 32 எழுத்துகள் குறைந்திருக்கும். அதன் இரண்டு பிரதிகளும் அப்படி இருப்பவர்களை எச்ஐவியின் பெரும்பாலான வகைகள் தொற்றுவதில்லை. ஆனால் அந்தக் குழந்தைகளிடம் உண்டானது இந்த 32 எழுத்துக் குறைவு அன்று. அதற்கு முன் எந்த மனிதரிடமும் ஆராய்ந்து பார்க்கப்படாத வேறு மாற்றங்கள். ஒரு குழந்தைக்கு இரண்டு பிரதிகளில் ஒன்று மாறவே இல்லை. செல்கள் கலந்து நிற்கும் அறிகுறிகளும் இருந்தன. அது தெரிந்தே கருவைத் தாயின் கருப்பையில் வைத்தார்கள் என்பதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, அங்கேயும் பெற்றோர் கையெழுத்துப் போட்டார்களே, பிறகு என்ன குற்றம்?

அந்தப் படிவத்தின் தலைப்பைப் பாருங்கள்: எய்ட்ஸ் தடுப்பூசி உருவாக்கத் திட்டம். தடுப்பூசி எங்கே, கருவின் மரபணுவை மாற்றுவது எங்கே! இலக்குக்கு வெளியே நிகழும் திருத்தங்களுக்குத் தங்கள் குழு பொறுப்பேற்காது என்ற வரி அதில் இருந்தது. பாதியில் விலகினால் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. எந்தக் கட்டத்திலும் இழப்பில்லாமல் விலகலாம் என்பது ஆய்வு நெறிமுறையின் அடிப்படை. விலகுவதற்கு விலை வைத்தால், அந்த ஒப்புதல் கடன் பத்திரமாகிவிடுகிறது.

சேர்ந்த தம்பதியரின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். கணவருக்கு எச்ஐவி, மனைவிக்கு இல்லை. அப்படிப்பட்டவர்களுக்குச் சீனாவில் செயற்கைக் கருத்தரிப்பு எட்டாக் கனியாக இருந்தது. குழந்தைக்குத் தொற்று வராமலிருக்க விந்தணுவைக் கழுவிப் பிரித்தெடுக்கும் பழைய, எளிய முறையே போதும். அதையும் அந்தத் திட்டத்திலேயே செய்தார்கள். அப்படியானால் மரபணுத் திருத்தம் குழந்தைகளுக்குத் தேவையாக இருக்கவில்லை. குழந்தைக்காக ஏங்கியவர்களிடம், வேறு கதவுகள் சாத்தியிருக்கும்போது ஒரு கதவை மட்டும் திறந்துவிட்டு, விரும்பித்தானே வந்தீர்கள் என்று கேட்பதை நான் ஒப்புதல் என்று சொல்லமாட்டேன்.

பேர் மாற்றிச் சொல்லி ஏமாற்றுவது அந்த ஒருவர் செய்ததுதானா, இல்லை எல்லா இடத்திலும் நடக்கிறதா?

ஆய்வு நெறிமுறையின் வரலாற்றைப் புரட்டினால் இது திரும்பத் திரும்ப வருகிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலம், டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, அரசுப் பொதுச் சுகாதாரத் துறை சுமார் 600 கறுப்பின ஆண்களைக் கண்காணித்தது. அவர்களில் 399 பேருக்குச் சிபிலிஸ் என்னும் மேகநோய். அவர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லாமல் 'கெட்ட இரத்தம்' என்றார்கள். முதுகுத் தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்ததைச் சிறப்பு இலவசச் சிகிச்சை என்றார்கள். பெனிசிலின் வந்து ஊரெல்லாம் குணமான பிறகும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

நம் பக்கத்திலும் உண்டு. 2009–10இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் சுமார் 24,000 சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான எச்பிவி தடுப்பூசி போடப்பட்டது. அதை மருந்து ஆய்வு என்று சொல்லாமல் 'செயல்விளக்கத் திட்டம்' என்றார்கள். அதனால் ஆய்வுக்குரிய கட்டுக்காவல்கள் தளர்ந்தன. கம்மத்தில் பல படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் பழங்குடியினர். 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: அந்தத் தடுப்பூசி பல நாடுகளில் பயன்படும் நல்ல தடுப்பூசி, அதைப் போட்டுக்கொண்ட சிறுமியரில் சிலர் பின்னர் இறந்தாலும், அந்த மரணங்களுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்றே விசாரணை கூறியது. தவறு, கேட்ட முறையில் நடந்தது. கேட்கும் முறை தவறினால் நல்ல மருந்தின் மீதும் மக்களுக்கு நம்பிக்கை போய்விடுகிறது.

ஆராய்ச்சியில் சேர்ந்தால் எனக்கு நல்ல சிகிச்சை கிடைக்கும் என்கிறார்களே?

கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆய்வு என்பதன் பொருளே அதுதான். சிகிச்சை உங்களுக்காகச் செய்யப்படுகிறது. ஆய்வோ ஒரு கேள்விக்கு விடை காண்பதற்காகச் செய்யப்படுகிறது. அந்த விடை பெரும்பாலும் உங்களுக்குப் பின் வருபவருக்கே உதவும். தமிழ்ப் படிவங்களில் நான் அதிகம் அடித்து எழுதும் சொல் 'சிகிச்சை'தான். 'இந்தச் சிகிச்சையில் சேர' என்று வரும் இடமெல்லாம் 'இந்த ஆய்வில் சேர' என்று மாற்றச் சொல்கிறேன். அதேபோல், 'சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு' என்று எழுதியிருந்தால், 'சீட்டுக் குலுக்கிப் போடுவது போல. எந்த மருந்து உங்களுக்கு வரும் என்பதை மருத்துவரும் முடிவு செய்வதில்லை' என்று எழுதச் சொல்கிறேன்.

1999 செப்டம்பரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மரபணுச் சிகிச்சை ஆய்வில் சேர்ந்த ஜெஸ்ஸி ஜெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர், மரபணுவைச் சுமந்த வைரஸ் செலுத்தப்பட்ட நான்காம் நாள் இறந்துபோனார். அவருக்கிருந்த கல்லீரல் நொதிக் குறைபாடு உணவாலும் மருந்தாலும் கட்டுக்குள் இருந்தது. அந்த ஆய்வு அவரைக் குணப்படுத்தும் நோக்கமுடையதன்று, எவ்வளவு மருந்தை உடல் தாங்கும் என்று அறிவதற்கானது. முந்தைய சோதனைகளில் குரங்குகள் இறந்த செய்தி ஒப்புதல் படிவத்தில் இல்லை. ஆய்வின் தலைவருக்கு அந்தத் தொழில்நுட்பத்தோடு தொடர்புடைய நிறுவனத்தில் பங்கு இருந்தது. அந்த மரணத்துக்குப் பிறகு மரபணுச் சிகிச்சைத் துறையே பல ஆண்டுகள் தேங்கி நின்றது.

கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் ஏதாவது ஆனால் கேட்க முடியாதாமே?

தவறான எண்ணம். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்து ஆய்வுகள் விதிகளின்படி, ஆய்வில் பங்கேற்றவருக்குக் காயமோ உடல்நலக் கேடோ ஏற்பட்டால் இலவச மருத்துவம் அளிக்க வேண்டும். அது ஆய்வினால் நேர்ந்தது என்றால் இழப்பீடும் தர வேண்டும். எந்தப் படிவமும் இந்த உரிமைகளை எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலேயே விலகலாம். விலகியதற்காக வழக்கமான மருத்துவத்தை மறுக்கக் கூடாது. படிவத்தின் ஒரு பிரதி உங்களுக்கு உரியது, கேட்டு வாங்கி வீட்டில் பத்திரமாக வையுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தால், ஆய்வுக் குழுவைச் சாராத சாட்சி ஒருவர் முன்னிலையில் முழுவதும் படித்துக் காட்டிய பிறகே கைநாட்டு வாங்க வேண்டும். ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம், பெற்றோரின் ஒப்புதலுக்கு மேலாக, அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்லி இசைவும் பெற வேண்டும்.

கமிட்டி கமிட்டி என்கிறீர்கள், டாக்டர்களே டாக்டர்களுக்கு அனுமதி கொடுத்துக்கொள்வதுதானே?

நானும் சேரும் முன் அப்படித்தான் நினைத்தேன். மருந்து ஆய்வுகளை அனுமதிக்கும் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். சட்டம் அறிந்தவர், பெண் உறுப்பினர், என்னைப் போன்ற பொதுமக்கள் தரப்பினர் ஆகியோர் கட்டாயம். உறுப்பினர்களில் பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சாராதவர்களாக இருக்க வேண்டும். ஆய்வை நடத்தும் மருத்துவர் குழுவில் உறுப்பினராக இருந்தால், முடிவெடுக்கும் நேரத்தில் வெளியே செல்ல வேண்டும்.

குறைகளும் உண்டு. நூறு பக்க ஆவணத்தை ஒரு வாரத்தில் படித்துவிட்டு வந்து கூட்டத்தில் பேச வேண்டும். அனுமதி கொடுத்த பின் களத்தில் என்ன நடக்கிறது என்று நேரில் சென்று பார்ப்பது அரிதாகவே நடக்கிறது. கம்மத்தில் நடந்ததும் அனுமதித் தாளில் தெரிந்திருக்காது. விடுதிக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரிந்திருக்கும்.

எங்களிடம் எடுத்த இரத்தத்தை வேறு ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிடுவார்களா?

உங்களிடம் கேட்காமல் கொடுக்கக் கூடாது. அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவாசுபாய் என்ற பழங்குடியினரிடம், நீரிழிவு ஆய்வு என்று சொல்லி 1990 முதல் இரத்தம் எடுத்தார்கள். அதைப் பின்னர் மனநோய் பற்றியும், அவர்களுடைய முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றியும் ஆராயப் பயன்படுத்தினார்கள். அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2010இல் 7 லட்சம் டாலர் இழப்பீடும், மீதமிருந்த இரத்த மாதிரிகளும் திரும்பக் கிடைத்தன. படிவத்தில் 'எதிர்கால ஆய்வுகளுக்கும்' என்ற கட்டம் இருந்தால், அது எதைக் குறிக்கிறது என்று கேட்டுவிட்டுக் குறியிடுங்கள்.

இத்தனை கோடி ரூபாய்ச் சிகிச்சை நம் மலைவாழ் பிள்ளைகளுக்கு எப்போது வந்து சேரும்?

இதைக் கேட்டவர் கூடலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு செவிலியர். இந்தியாவில் அரிவாள் செல்லை முதன்முதலில் கண்டறிந்து 1952இல் வெளியிட்டது நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தில்தான். அந்த அறிவு உலகுக்குப் போய்ச் சேர்ந்தது. காஸ்ஜெவியின் அமெரிக்க விலை 22 லட்சம் டாலர். ஆய்வுக்கு உடலைத் தந்த சமூகத்துக்கு அதன் பயனும் சேர வேண்டும் என்பது நெறிமுறையின் ஒரு தூண்; அந்தத் தூண்தான் மிகவும் பலவீனமாக இருக்கிறது.

வழியே இல்லை என்று சொல்லமாட்டேன். டெல்லியிலுள்ள மரபணுத்தொகுதி மற்றும் ஒருங்கிணைந்த உயிரியல் நிறுவனத்தில் அரிவாள் செல்லுக்கு உருவாக்கிய கிரிஸ்பர் சிகிச்சைக்கு 'பிர்சா 101' என்று, பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் பெயரைச் சூட்டி 2025 நவம்பரில் அறிவித்தார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், இரத்தம் உறையாமைக்கான மரபணுச் சிகிச்சை பெற்ற ஐந்து பேரின் நல்ல முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. அது வெட்டித் திருத்துவதன்று, விடுபட்ட மரபணுவைச் சேர்ப்பது. ஆனால் இன்றைக்கு மலையில் ஒரு பிள்ளையின் வலியைக் குறைப்பது, விலை மலிவான ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை தவறாமல் கிடைப்பதுதான். 2047க்குள் நோயை ஒழிப்போம் என்று 2023இல் தொடங்கிய தேசிய இயக்கம் முதலில் பரிசோதனையையும் இந்த மாத்திரையையும் உறுதி செய்யட்டும்.

கருவில் கண்டுபிடித்துக் கலைப்பதைவிடத் திருத்திப் பெற்றுக்கொள்வது மேல் இல்லையா?

இதுவரை வந்த கேள்விகளில் கடினமானது இதுதான். கேட்ட தாயின் முகம் இன்னும் என் கண்முன் நிற்கிறது. பெரும்பாலான தம்பதியருக்குக் கலைப்பதும் திருத்துவதும் மட்டும்தான் வழி என்பதில்லை. செயற்கைக் கருத்தரிப்பில் உருவாகும் கருக்களைச் சோதித்து, நோயில்லாததைத் தேர்ந்து கருப்பையில் வைக்க முடியும்; தலசீமியா என்னும் பரம்பரை இரத்தச் சோகை போன்ற நோய்களில், பெற்றோர் இருவரும் நோயைச் சுமப்பவர்களாக இருந்தாலும் நான்கில் மூன்று கருக்களுக்கு நோய் இருக்காது. செலவு அதிகம்தான், ஆனால் இதில் புதிதாக எந்த மாற்றமும் உண்டாக்கப்படுவதில்லை.

தாய், தந்தை இருவருமே நோயாளிகளாக இருந்தால் தேர்ந்தெடுக்க நோயற்ற கரு கிடைக்காது. அத்தகையவர்கள் மிகச் சிலரே. அவர்களுக்கு, தம் சொந்த மரபில் நோயற்ற பிள்ளை வேண்டுமென்றால் திருத்தம் தவிர வேறு வழியில்லை. அவர்களிடம் 'தத்தெடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டு எழுந்துபோக எனக்கு மனமில்லை. பாதுகாப்புக் கேள்விகள் தீர்ந்த ஒரு நாளில், அவர்களுக்கென்று மட்டும் இந்தக் கதவைத் திறப்பது பற்றிப் பேசலாம் என்றே நினைக்கிறேன். அந்த நாள் இன்னும் வரவில்லை.

காது கேளாத பிள்ளை பிறக்காமல் திருத்தினால் நல்லதுதானே, அதிலென்ன தப்பு?

2019இல் ரஷ்யாவின் டெனிஸ் ரெப்ரிகோவ் என்ற ஆய்வாளர், ஜிஜேபி2 மரபணுவால் செவித்திறன் இழந்த தம்பதியரின் கருவைத் திருத்த முன்வந்தார். காலம் கனியவில்லை என்று அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் கூறிவிட்டது. சைகை மொழியில் முழு வாழ்க்கை வாழும் பலர், தங்களை நோயாளிகளாகக் கருதுவதில்லை.

தமிழில் நாம் 'திருத்தம்' என்னும்போதே, இருப்பது பிழை என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ஆண்டுக்கணக்கில் சிவப்பு மையால் திருத்தியவள் என்பதால் இந்தச் சொல்லின் அதிகாரம் எனக்குத் தெரியும். அரிவாள் செல் நோயின் வலியைப் பிழை என்பதில் தயக்கமில்லை. மற்றவற்றில், அந்த வாழ்க்கையை வாழ்கிறவரிடம் கேட்காமல் பேனாவைத் திறக்கக் கூடாது.

சிவப்பா, உயரமா, புத்திசாலியா பிள்ளையை ஆர்டர் செய்யலாம் என்கிறார்களே?

முடியாது. உயரத்தோடு தொடர்புடையவை என 2022இல் வெளியான பெரிய ஆய்வு கண்டறிந்த மரபு வேறுபாடுகள் மட்டும் 12,000க்கு மேல். அறிவு இன்னும் சிக்கலானது. ஆனால் முடியாது என்பதால் கவலையற்று இருக்கவும் இயலாது. ஸ்கேன் கருவி வந்தபோது அது நோயைக் கண்டறியத்தான் வந்தது. அதை வைத்துப் பெண் கருக்களைக் கண்டு அழித்ததைத் தடுக்க 1994இல் தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. பெண் சிசுக்கொலை நடந்த சேலத்தில் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் எதற்காகத் தொடங்கப்பட்டது என்பதை நம் தலைமுறை மறக்கவில்லை. மணமகள் தேவை விளம்பரத்தில் நிறம் கேட்கும் சமூகத்தின் கையில் எந்தக் கருவி வருகிறது என்று பார்த்துத்தான் கதவைத் திறக்க வேண்டும்.

இங்கே தடுத்தால் வேறு நாட்டுக்குப் போய்ச் செய்துகொள்வார்கள், அப்புறம் தடை எதற்கு?

போவார்கள். மைட்டோகாண்ட்ரியா மாற்று என்று ஒரு முறை உண்டு; செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா தாயிடம் பழுதாக இருந்தால், வேறொரு பெண்ணின் கருமுட்டையிலிருந்து நல்லதைப் பெறுவது அது. நியூயார்க் மருத்துவர் ஒருவர், அமெரிக்காவில் அனுமதி இல்லாத அந்த முறையில் உருவாக்கிய கருவை மெக்சிகோவில் தாயின் கருப்பையில் வைத்தார், 2016இல் குழந்தையும் பிறந்தது. அதே முறையைப் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் விவாதித்து 2015இல் சட்டப்படி அனுமதித்து, ஒவ்வொரு தம்பதியருக்கும் தனித்தனியே ஒப்புதல் பெறச் செய்தது; எட்டுக் குழந்தைகள் பிறந்த செய்தி 2025இல் வெளியானது. திருட்டுத்தனமாகப் பிறந்த குழந்தையைப் பின்தொடர்ந்து நலம் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை. சட்டத்தின் வழியே பிறந்த குழந்தைக்கு அந்தப் பொறுப்பு எழுத்தில் இருக்கிறது. தடையும் அனுமதியும் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அந்த லுலுவும் நானாவும் இப்போது எப்படி இருக்கிறார்கள்?

அவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்பது பொதுவெளியில் இல்லை, இருக்கவும் கூடாது. ஆனால் அவர்களைத் தொடர்ந்து பரிசோதிக்காமலும் இருக்க முடியாது. எங்கோ ஓர் உறுப்பில் எதிர்பாராத மாற்றம் இருந்தால் முன்கூட்டியே கண்டறிய வேண்டும். சீன நெறிமுறை அறிஞர்கள் சியூ ரென்சோங், லெய் ருய்பெங் ஆகியோர் 2022இல், இந்த மூன்று குழந்தைகளின் நலனுக்கென்றே தனி மையம் அமைக்க வேண்டும் என்று முன்மொழிந்தார்கள். அடிக்கடி பரிசோதித்தால் அவர்கள் வாழ்நாள் முழுவதும் ஆய்வுப் பொருளாகிவிடுவார்கள், பரிசோதிக்காவிட்டால் கைவிடப்பட்டவர்களாவார்கள்.

இரட்டையருக்கு 2036இல் 18 வயது நிறையும். அதன் பிறகு பரிசோதனைக்கு வரவோ மறுக்கவோ அவர்களுக்கே உரிமை. தங்களுக்கு என்ன செய்யப்பட்டது என்று தெரிந்துகொள்ளவும், தெரிய வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு. யாரோ ஒருவர் அவர்கள் எதிரில் அமர்ந்து, முதன்முறையாக அவர்களுடைய ஒப்புதலைக் கேட்டாக வேண்டும். அந்தத் தாளின் தலைப்பில் என்ன எழுதுவார்கள் என்று நான் அவ்வப்போது நினைத்துப் பார்ப்பதுண்டு.